போத்தலை மூடும் முன் ஒரு கணக்கு

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது:

"பேரங்காடியில் வாங்கிய 4 லிட்டர் ஆப்பிள் சாற்றில் ஈஸ்ட் போட்டு வைத்திருக்கிறேன். முதல்முறையாகச் சைடர் செய்கிறேன். 10 நாளாகிவிட்டது. குமிழிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. வரும் சனிக்கிழமை நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நாளையே அரை லிட்டர் போத்தல்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சீனி போட்டு மூடிவிடலாமா? கம்பி மாட்டி மூடும் சதுரக் கண்ணாடிப் போத்தல்கள் வாங்கி வைத்திருக்கிறேன். 4 வயது மகள் இருப்பதால், அவள் கைக்கு எட்டாமல் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைக்க நினைக்கிறேன்."

அவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன்: "நாளை வேண்டாம். சனிக்கிழமைக்கும் வேண்டாம். போத்தல்களை மாற்றுங்கள், இடத்தையும் மாற்றுங்கள்." ஏன் என்பதை எல்லாருக்குமாக இங்கே விரித்து எழுதுகிறேன். வீட்டில் சைடர் செய்பவர்கள் இப்போது பலர். சாற்றை நொதிக்கவைப்பது வரை பெரிய ஆபத்தில்லை. ஆபத்து தொடங்குவது மூடியை இறுக்கும்போதுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர் தம் வீட்டில், சொந்தத் தேவைக்காக, பீர், வைன், சைடர் போன்ற நொதித்த பானங்களைச் செய்துகொள்ளலாம். வீடு ஒன்றுக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி. விற்கக் கூடாது, சாராயம்போல் வடித்தெடுக்கவும் கூடாது. மலேசியாவில் நிலைமை வேறு. அங்கே மதுபானம் தயாரிக்கக் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். ஜொகூரில் இருக்கும் மைத்துனருக்கு இந்தப் பக்கத்தை அனுப்புபவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

குமிழி குறைந்தால் போதாதா?

இட்லி மாவை இரவில் கரைத்து வைக்கும் அம்மாக்கள் பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பமாட்டார்கள். மாவு பொங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைப் பொங்கவைப்பது கரியமில வாயு. மூடி தளர்வாக இருப்பதால் வாயு வெளியே போய்விடுகிறது. ஒரு வேளை பொங்கி வழிந்தாலும் மேடையைத் துடைத்தால் போதும்.

சைடரிலும் அதே வாயுதான். ஈஸ்ட் சீனியைத் தின்று, பாதியை ஆல்கஹாலாகவும் ஏறத்தாழ மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஜாடியில் இருக்கும்வரை அந்த வாயு ஏர்லாக் வழியே வெளியேறுகிறது. போத்தலில் அடைத்து மூடியதும் அதற்குப் போக வழியில்லை. பானத்துக்குள்ளேயே கரைகிறது. திறக்கும்போது 'புஸ்' என்று வரும் குமிழி அதுதான். அளவாகக் கரைந்தால் விருந்து. அளவு மீறினால் கண்ணாடி அதைத் தாங்காது.

ஆகவே மூடும் முன் தெரிய வேண்டிய முதல் விஷயம், ஜாடியில் இன்னும் எவ்வளவு சீனி மிச்சமிருக்கிறது என்பது. குமிழியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நொதித்தல் மெதுவாகும்போது குமிழி கண்ணுக்குத் தெரியாமல் போகும். வேலை முடிந்த பின்னும், அறையின் சூடு ஏறினால், கரைந்திருந்த வாயு வெளிவந்து குமிழி காட்டும்.

இதற்கு ஹைட்ரோமீட்டர் என்ற எளிய கண்ணாடிக் கருவி இருக்கிறது. விலை அதிகமில்லை. பானத்தில் மிதக்கவிட்டால், அது எவ்வளவு அடர்த்தி என்று தண்டிலுள்ள கோடு காட்டும். தண்ணீர் 1.000. கடையில் வாங்கும் ஆப்பிள் சாறு பெரும்பாலும் 1.045 முதல் 1.050 வரை இருக்கும். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன எண் இறங்கும். நன்றாக நொதித்து முடிந்த சைடர் 1.000-இலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வந்து நிற்கும்.

இன்று ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். 3 நாள் கழித்து மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாகவும் 1.000-ஐ ஒட்டியும் இருந்தால் வேலை முடிந்தது. எண் இன்னும் இறங்கினால் காத்திருங்கள். 1.010 போல மேலேயே நின்றுவிட்டால் அதை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈஸ்ட் சோர்ந்து நின்றிருக்கலாம். அது போத்தலுக்குள் போன பிறகு மறுபடி விழித்துக்கொண்டால் சிக்கல்.

1.048-இல் தொடங்கி 0.998-இல் முடிந்த சைடரில் ஆல்கஹால் சுமார் 6.5 விழுக்காடு. வழக்கமான பீரைவிடக் கூடுதல். விருந்தினரிடம், குறிப்பாக வண்டி ஓட்டி வந்தவரிடம், இதைச் சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.

எவ்வளவு சீனி?

சாற்றிலிருந்த சீனியெல்லாம் தீர்ந்துவிட்டதால், குமிழிக்காகப் புதிதாகக் கொஞ்சம் போடுகிறோம். அது எவ்வளவு என்பதுதான் தலைப்பில் சொன்ன கணக்கு.

ஒரு லிட்டர் பானத்தில் எத்தனை லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்று அளப்பது வழக்கம். சைடருக்கு 2.5 லிட்டர் வாயு இருந்தால் நல்ல துள்ளல். நம் ஊர் வெப்பத்தில் நொதித்த சைடரில் ஏற்கெனவே சுமார் 0.7 லிட்டர் கரைந்திருக்கும். இன்னும் 1.8 லிட்டர் வேண்டும். ஏறத்தாழ 4 கிராம் சீனி 1 லிட்டர் வாயுவைத் தரும். ஆக, லிட்டருக்கு 7 கிராம். அவ்வளவுதான்.

வாசகரின் ஜாடியில், அடியில் தங்கிய ஈஸ்டையும் அளந்து பார்க்க எடுத்ததையும் கழித்தால் சுமார் 3.5 லிட்டர் தேறும். அதற்கு 25 கிராம் சீனி. தராசில் நிறுத்துப் போட வேண்டும்.

தேக்கரண்டி ஏன் ஆகாது? தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். குவித்து அள்ளினால் 7 கிராம்கூட வரும். அரை லிட்டர் போத்தலுக்கு வேண்டியது மூன்றரை கிராம்தான். குவித்த கரண்டி போட்டால் இரு மடங்கு. லிட்டருக்கு 14 கிராம் என்றாகிவிடும்.

இதோடு, முடியாத நொதித்தலையும் சேர்த்துப் பாருங்கள். இறங்க வேண்டிய எண் 1.005-இல் இருக்கும்போதே மூடினால், லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சீனி உள்ளே மிச்சமிருக்கிறது. 14-உம் 10-உம் 24. ஷாம்பெயின் வைனுக்குப் போத்தலில் குமிழி ஏற்ற, லிட்டருக்கு ஏறத்தாழ இதே 24 கிராம் சீனிதான் சேர்க்கிறார்கள். அந்தப் போத்தலுக்குள் காற்றழுத்தத்தைப்போல் 6 மடங்கு அழுத்தம் இருக்கும். அதைத் தாங்குவதற்காகவே அந்தக் காலிப் போத்தல் 800 கிராமுக்கு மேல் எடையுள்ளதாகச் செய்யப்படுகிறது. குளிர்ந்த நிலவறையில் வைக்கப்படுகிறது. நம் வாசகரோ அதே சீனியை, பரிசுப்பொருள்போல் மெலிந்த சதுரப் போத்தலில், அடுப்புக்கு மேலே வைக்கப் பார்த்தார்.

கண்ணாடி கற்றுக்கொடுத்தது

இந்தக் கணக்கை மனிதர்கள் எளிதில் கற்கவில்லை. 1615-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், கப்பல் கட்டும் மரத்தைக் காப்பதற்காக, கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை விதித்தார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். சூடு கூடியது. அதனால் தடித்த, வலுவான கண்ணாடி கிடைத்தது. குமிழியைத் தாங்கும் போத்தல் அப்படித்தான் வந்தது. 1662-இல் கிறிஸ்டோபர் மெரட் என்ற மருத்துவர், வைனில் சீனி சேர்த்துத் துள்ளலாக்கும் பழக்கத்தை லண்டன் ராயல் சொசைட்டியில் விவரித்தார். அந்நாளில் ஆங்கிலேயச் சைடர்காரர்களும் போத்தலில் சீனி போட்டு மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டிலும் பிரான்ஸின் ஷாம்பெயின் நிலவறைகளில் போத்தல்கள் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பதும் உடையும். வேலையாட்கள் முகத்தில் இரும்புக் கம்பி முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். 1830களில் ஷாலோன் ஊரைச் சேர்ந்த ஃபிரான்சுவா என்ற மருந்தாளர், வைனில் ஏற்கெனவே மிச்சமிருக்கும் சீனியை முதலில் அளந்து, அதற்கேற்பப் புதிய சீனியைச் சேர்க்கும் முறையை வகுத்தார். நம் கையிலுள்ள ஹைட்ரோமீட்டரும் தராசும் செய்வது அதே வேலையைத்தான்.

எந்தப் போத்தல்?

முதல்முறை செய்பவருக்கு என் பதில் ஒன்றுதான்: கோலா, சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல். அழகில்லை என்பீர்கள். ஆனால் அது சைடரில் வரும் அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. தவறிப்போனாலும் கண்ணாடிச் சில்லுகள் பறக்காது. அதைவிடப் பெரிய நன்மை, கையால் அமுக்கியே உள்ளே என்ன நடக்கிறது என்று அறியலாம். சாதாரணக் குடிநீர் வந்த மெல்லிய போத்தல் ஆகாது.

கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள், பீர் அல்லது ஷாம்பெயின் வகைப் பானம் வந்த, கீறலில்லாத போத்தல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு பிளாஸ்டிக் போத்தலையாவது சேர்த்து நிரப்பி வையுங்கள். கண்ணாடிக்குள் நடப்பதை அது சொல்லும். சதுரப் போத்தலின் மூலைகளில் அழுத்தம் குவியும். வீட்டு அலங்காரக் கடைகளில் கிடைக்கும் கம்பி மூடிப் போத்தல்கள் எண்ணெய்க்கும் சர்பத்துக்கும்தான்.

வெப்பமும் முக்கியம். 2.5 அளவு வாயு ஏறிய சைடர் 28 டிகிரியில் இருக்கும்போது, போத்தலுக்குள் உள்ள அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிடச் சற்று அதிகம். அதே போத்தல் குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரிக்கு வந்ததும், அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும் என்பதுதான் காரணம். அதனால் அடுப்பு அலமாரி, வெயில் விழும் பின்கட்டு, கார் டிக்கி மூன்றும் ஆகாத இடங்கள்.

அடைக்கும் நாள்

போத்தல், குழாய், புனல் அனைத்தையும் கழுவி, வீட்டில் மது தயாரிப்போருக்கென விற்கும் கிருமிநீக்கியில் நனைத்தெடுங்கள். பிளாஸ்டிக் போத்தலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும். சோப்பு வாசனை தங்கினால் சைடரிலும் தங்கும்.

நிறுத்த சீனியைக் கால் குவளை தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து ஆறவிடுங்கள். சுத்தமான இன்னொரு ஜாடியின் அடியில் அதை ஊற்றி, அதன்மேல் சைடரை சைஃபன் குழாய் வழியே மெதுவாக இறக்குங்கள். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். கையால் அழுத்தும் குழாய் கிடைக்கிறது. அடியிலுள்ள வண்டலைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். சலசலவென்று கொட்டினால் காற்றுக் கலந்து சுவை கெடும். சுத்தமான கரண்டியால் மெல்ல ஒரு சுற்று கலக்கினால், சீனி எல்லாப் போத்தலுக்கும் சமமாகப் போய்ச்சேரும். போத்தலுக்குப் போத்தல் சீனி போடுவதில் இந்தச் சமநிலை கிடைக்காது.

மேலே 3 சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பி, இறுக மூடுங்கள். தேதியை எழுதி ஒட்டுங்கள். எல்லாப் போத்தலையும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடுக்கி, நிழலான இடத்தில் தரையில் வையுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் பெட்டிக்குப் பூட்டும் நல்லது. ஒன்று போனாலும் பெட்டிக்குள்ளேயே போகட்டும்.

எப்போது தயார்?

நம் வீடுகளின் வெப்பத்தில் பெரும்பாலும் 3 முதல் 7 நாள். நாளைக்கு ஒருமுறை பிளாஸ்டிக் போத்தலை அமுக்கிப் பாருங்கள். முதல் நாள் மெத்தென்று இருக்கும். கடையில் திறக்காமலிருக்கும் சோடா போத்தல்போல் கல்லாக இறுகியதும், ஒன்றை மட்டும் ஒரு நாள் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். திருப்தி என்றால் எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். குளிரில் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிவிடும். இன்னும் இரண்டு நாள் கழித்துக் குடித்தால் குமிழி நன்றாகப் படிந்திருக்கும். அடியில் மெல்லிய வண்டல் இருப்பது இயல்பு. அசைக்காமல் ஊற்றி, கடைசி மிடற்றை விட்டுவிடுங்கள்.

ஏதோ ஒரு கண்ணாடிப் போத்தலில் அளவு மீறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், வெறுங்கையால் தொட வேண்டாம். தடித்த துண்டைப் போர்த்தி, கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து குளிருக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு, கழுவுதொட்டியில் வைத்து, துண்டுக்கு மேலாகவே மெல்லத் திறங்கள்.

இனிப்பாக வேண்டுமே?

அடுத்த கேள்வி இதுதான் வரும். கடையில் விற்கும் சைடர் இனிப்பு. நாம் செய்தது வறண்டிருக்கும். ஈஸ்ட் உயிரோடு இருக்கும்வரை, நீங்கள் போடும் சீனியெல்லாம் அதற்குத் தீனி. அதனால் இனிப்புக்காகக் கூடுதல் சீனி போட்டு மூடுவது வெடிப்புக்கு வழி. எரித்ரிட்டால், ஸ்டீவியா போன்ற ஈஸ்ட் தின்னாத இனிப்புகளைச் சேர்க்கலாம். அதைவிட எளிது, குடிக்கும்போது குவளையில் கொஞ்சம் ஆப்பிள் சாற்றைக் கலப்பது.

சாறு வாங்கும்போது பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோயேட் என்ற பெயர்களோ 202, 211 என்ற எண்களோ உறையில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அவை ஈஸ்டைத் தடுக்கும் பொருள்கள். வைட்டமின் சி இருந்தால் பாதகமில்லை.

மது வேண்டாத வீடுகளுக்கு

ஈஸ்ட் போட்டு வீட்டில் இஞ்சிச் சோடா செய்பவர்களும் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். சொல்லப்போனால் அவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சைடரில் சீனி தீர்ந்த பிறகு 7 கிராம் போடுகிறோம். அது முடிந்ததும் ஈஸ்ட் தானாக ஓய்ந்துவிடும். இஞ்சிச் சோடாவில் லிட்டருக்கு 100 கிராம் சீனிகூட இருக்கும். அதைத் தானாக நிறுத்த எதுவும் இல்லை. அதனால் பிளாஸ்டிக் போத்தலில் மட்டுமே ஊற்றுங்கள். காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள். நம் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே இறுகிவிடும். இறுகியதும் குளிருக்குள் வைத்து, சில நாளில் குடித்து முடித்துவிடுங்கள். அதிலும் சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சனிக்கிழமை நண்பர்களுக்கு என்ன கொடுப்பது என்று வாசகர் கேட்கலாம். அதற்குள் அளவு இரண்டு முறை ஒன்றாக வந்துவிட்டால், குமிழியில்லாத சைடரையே நன்றாகக் குளிரவைத்துக் கொடுக்கலாம். இங்கிலாந்தின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் அப்படிக் குடிப்பதும் பழைய வழக்கம்தான். ஆனால் மொத்தத்தையும் ஊற்றிவிடாமல் இரண்டு லிட்டரையாவது எடுத்து வைத்தால், 14 கிராம் சீனியில் அடுத்த விருந்துக்குக் குமிழி கிடைக்கும்.

அடுத்த வாரம்: ஜாடியின் அடியில் தங்கிய ஈஸ்டைக் கொட்டாமல் ரொட்டி சுடுவது எப்படி?